மஞ்சப்பை இரும்பில் ஒரு பாலம்

பிப்ரவரி 22, ஞாயிறு

மரம் வந்து சேர்ந்தது. டிராக்டர் கடைசி வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. அங்கிருந்து குன்னிமேட்டு ஆட்கள் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஈர மரம் என்பதால் கனம் அதிகம். எல்லோரும் என்னைத் திட்டியிருப்பார்கள், காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாலம் என் பிடிவாதம். ஊருக்கும் அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் கரும்பாறைப் பள்ளம். வெயில் காலத்தில் ஒருவழியாக இறங்கி ஏறலாம். மழை பெய்தால் இக்கரை இக்கரைதான், அக்கரை அக்கரைதான். காட்டுக்குள் கான்கிரீட்டுக்கு அனுமதி இல்லை. இரும்புக் கர்டர் ஏற்றிவர ரோடு இல்லை. அதனால் தைலமரத்தில், மரத்துக்கு மரம் வெட்டிப் பொருத்தி, தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் போல்ட் போட்டு ஒரு நடைபாலம் வரைந்தேன். "இந்தப் பாலத்தின் மொத்த இரும்பும் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கும்" என்று, பாலத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளையின் கூட்டத்தில் சொன்னேன். கை தட்டினார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் வேலை எனக்குக் கிடைத்தது.

மரம் அறுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர் திருமூர்த்தி. அந்தியூரில் மரமில் வைத்திருக்கிறார். உத்தரங்களின் நுனியில் எல்லாம் தார் பூசிக் கொண்டுவந்திருக்கிறார், பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் கறுப்பு அடித்த மாதிரி.

"மரம் இன்னும் காயல வாணி. நுனி வழியாத்தான் ஈரம் வெரசா ஓடும். தாரு இருந்தா மெல்லக் காயும், வெடிக்காது."

இன்னொரு கோடை காயட்டும் என்று முதலில் சொன்னவரும் இவர்தான். அந்தக் கோடையை எனக்கு யார் கொடுப்பார்கள்? ஜூனில் மழை.

"குதிகால்ல மட்டும் ஒரு இரும்புப் பட்டை போட்டரலாம்ங்கிறேன்" என்றார் சாப்பிடும்போது. உத்தரத்தின் நுனியில் பாரம் வந்து இறங்கும் இடத்தைத்தான் குதிகால் என்பது.

"போட்டா மஞ்சப்பை பத்தாதுங்க. சாக்கு வேணும்."

"சாக்குல கொண்டாந்தா பாலம் கோவிச்சுக்குமாக்கும்?"

சிரித்தேன். பட்டை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

இரண்டு பக்கமும் சட்டங்கள் நிமிர்ந்துவிட்டன. இடுப்பு வலிக்கிறது.

ஒவ்வொரு பக்கமும் ஒரு முக்கோணம். அடியில் நீளமான உத்தரம், மேலே கூடாரம்போலச் சாய்ந்த இரண்டு கால்கள், உச்சியிலிருந்து தொங்கும் ஒரு நடுக்கட்டை. நடப்பவர்களின் பாரம் நடுக்கட்டை வழியாக உச்சிக்கு ஏறும்; சாய்கால் வழியாக இறங்கி உத்தரத்தின் நுனியை வெளியே தள்ளும். அந்த இடம்தான் குதிகால். சாய்கால் உட்கார உத்தரத்தில் ஒரு வெட்டு. வெட்டுக்கு அப்பால் ஒன்றரை அடி மரம். செருப்பின் வார் பாதத்தை நிறுத்துவது மாதிரி அந்த ஒன்றரை அடிதான் சாய்காலை நிறுத்துகிறது. அது போனால் எல்லாம் போனது.

கணக்குப்படி அது மூன்று மடங்கு பாரம் தாங்கும். திருமூர்த்தி கணக்கைப் பார்த்தார். சரி என்றார். "மரத்துகிட்டயும் ஒருக்கா காட்டீரு" என்றாரே, அதுதான் கொழுப்பு.

மார்ச் 1, ஞாயிறு

பாரச் சோதனை. பள்ளத்து மணலைச் சாக்கில் கட்டி வரிசையாக அடுக்கினோம். ஊர் முழுக்க நின்று நடக்க முடிவதைவிட அதிகப் பாரம். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் கட்டி, நடுவில் ஸ்கேல் வைத்து, பாலம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எதிர்பார்த்ததைவிடக் கம்மியாகத்தான் தாழ்ந்தது. நாள் முழுக்கப் பாரத்தோடு விட்டுவிட்டு இறக்கினோம். நூலுக்குத் திரும்ப வந்துவிட்டது.

வார்டு மெம்பர் சித்தம்மா டீ கொண்டுவந்தார். பாலத்து முனையில் டீக்கடை இவருடையதுதான். மகள் ஷாலினி அக்கரைப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். சித்தம்மா என்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். அக்கா என்று கூப்பிடுகிறேன்.

"இன்ஜினியரம்மா, நெசமாவே தாங்குமா? நாங்க வெறும் வாய்ப்பேச்சு நெறையக் கேட்டிருக்கறோம்."

"ஆனையே போலாங்கா. ஒண்ணொண்ணா வரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தம்மா மட்டும் தலையாட்டினார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 2, திங்கள்

மில்லில் மோட்டார் எரிந்துவிட்டது. திருமூர்த்தி ஊருக்குப் போய்விட்டார்.

மார்ச் 5, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சித்தம்மாவும் நாலைந்து பெண்களும் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். புது வீட்டுக்கு நிலை வைக்கும்போது மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதில்லையா, அதுபோல உத்தரத்தின் நாலு நுனிக்கும் வைக்கவேண்டுமாம். நுனியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது.

"இதென்னுங்க, கரேல்னு? இதுமேல எப்படி மஞ்ச வெக்கறது? நல்ல காரியத்துக்கு ஆவுமா?"

எனக்கும் அந்தத் தாரைப் பிடிக்கவில்லை. அழகாக இழைத்த மரத்தில் ஏதோ விபத்து மாதிரி. சென்னையிலிருந்து வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். சுரண்டி எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னேன். வெள்ளை மரத்தில் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று இருக்கின்றன. திருமூர்த்தியிடம் சொல்லவில்லை. வரும்போது பார்க்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

திறந்தாயிற்று. அறக்கட்டளை அதிகாரி பிரபாகர் மைக்கில் மஞ்சப்பையைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார். ஷாலினி முதல் ஆளாக ஓடினாள். அம்மாவுக்கு போன் செய்து அழுதேன். இந்த அறக்கட்டளை இதே மாதிரி இன்னும் ஏழு பாலம் கட்டப்போகிறதாம். நான்தான் வரையவேண்டுமாம். ஒப்பந்தப்படி இன்னும் ஒரு மாதம் இங்கே அறையெடுத்துத் தங்கிப் பாலத்தைக் கவனிக்கவேண்டும்; திருப்பணி முடித்த கோயில் மாதிரி தினமும் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

மார்ச் 14, சனி

ஐந்து நாளாக வறண்ட காற்று. உதடு வெடித்துவிட்டது. துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது.

அக்கரைக் குதிகாலில், தண்ணீர் இறங்கி ஓடிப்போகும் பக்கத்து உத்தரத்தில், ஒரு விரிசல். மரம் என்றால் வெடிக்கும்தான். மற்ற நுனிகளிலும் வெடித்திருக்கிறது, எல்லாம் மேலிருந்து கீழாக. அவற்றால் ஒரு சேதமும் இல்லை. இது மட்டும் படுத்த வாக்கில் இருக்கிறது, வெட்டின் அடிமட்டத்தை நோக்கி. மயிரிழைதான். ஒன்றும் இல்லை.

சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்துவந்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். எந்த வேலையிலும் இப்படிச் செய்வதுதான் வழக்கம். இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

மார்ச் 19, வியாழன்

கோட்டைத் தாண்டிவிட்டது. புதுக் கோடு. பால் திரிந்துவிட்டதால் காலையில் காப்பி இல்லை.

மார்ச் 23, திங்கள்

இன்று முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத்தான் பாலத்தில் போகவேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒழுங்கு வேண்டும் அல்லவா? கும்பலாக ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் நானே முனையில் நின்று அனுப்பினேன்.

சித்தம்மா கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "என்னுங்க இன்ஜினியரம்மா, ஆனை போற பாலத்துல புள்ளைங்களுக்கு ரேஷனா?"

"குதிச்சா ஆணி லூசாகுங்கா."

"ஆணியே இல்லாத பாலம்னு அன்னிக்கு மைக்குல சொன்னாங்களே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஷாலினி தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டாளத்துக்காரி மாதிரி விறைப்பாக நடந்து காட்டிக்கொண்டே போனாள். அவள் அக்கரை ஏறும் வரை அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கோடு.

மார்ச் 26, வியாழன்

போன் டவர் கிடைப்பது பாறை மேல் மட்டும்தான். ஏறிப்போய் பிரபாகரைக் கூப்பிட்டேன். குதிகால் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டேன். அவர் என்னை முந்திக்கொண்டார். மாரியம்மன் திருவிழாவை வீடியோ எடுக்க ஆள் அனுப்புகிறாராம். ஏழு பாலங்களுக்கும் அந்த வீடியோவைக் காட்டித்தான் ஒப்புதல் வாங்கப்போகிறாராம்.

"பாலம் எப்படி இருக்கு மேடம்? எல்லாம் ஓகேதானே?"

"கொஞ்சம் காயுது சார். மரம்னா அப்படித்தான்."

"சூப்பர் மேடம்."

இறங்கிவரும்போது முள் குத்திவிட்டது. இன்னும் எடுக்க முடியவில்லை.

மார்ச் 28, சனி

சாக்கை நனைத்து நாலு குதிகாலிலும் சுற்றினேன். இந்தக் காற்றில் மதியத்துக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. மறுபடி நனைக்கிறேன்.

சித்தம்மா, "பாலத்துக்குக் காய்ச்சலுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கா, பத்து வேற போடணும்" என்றேன். அவர் சிரிப்பதற்குள் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

பாறை மேலிருந்து இவரிடம் பேசினேன். மோட்டார் இன்னும் சரியாகவில்லை, ஆள் வரவில்லை, சோறு ஓட்டலில். நான் காற்றைப் பற்றிச் சொன்னேன்.

"காத்தடிச்சா அடிக்கட்டும். தாரு இருக்குதல்ல, அது பாத்துக்கும்" என்றார்.

"ம்" என்றேன்.

"இருக்குதுதான?"

"இருக்குதுங்க."

இவர் நுணுக்கி நுணுக்கிக் கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஈர மரத்தைத் தலையில் கட்டிவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டு கேள்வி வேறு.

ஏப்ரல் 2, வியாழன்

வரும் செவ்வாய்க்கிழமை திருவிழா. சித்தம்மா டீ ஆற்றிக்கொண்டே விவரம் சொன்னார். வருஷா வருஷம் அம்மனைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறுவார்களாம். இந்த வருஷம் பாலத்தின் மேல். அது எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

"பாலத்து நடுவுல சப்பரத்த எறக்கி வெச்சு, ஊருப் பொம்பளைங்க அத்தன பேரும் சுத்திவந்து கும்மியடிக்கப் போறோங்க. அம்மாளுக்குப் புதுப் பாலத்தக் காட்ட வேண்டாமா? நீங்களும் ஒரு சேலை கட்டிட்டு வந்துருங்க."

எல்லோரும். நடுவில். ஒரே தாளத்தில் குதித்து.

அறைக்கு வந்து கணக்கை மறுபடி போட்டேன். முழு மரமாக இருந்தால் கும்மிக்கும் தாங்கும். இப்போது மிச்சமிருக்கிற மரத்துக்குப் போட ஆரம்பித்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பென்சில் இருக்கிறது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 4, சனி

போடவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மதியம் இவர் வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே. போனில் என் குரல் சரியில்லையாம்.

நேராகப் பாலத்துக்கு அடியில் போனார். நான் பின்னாலேயே போனேன். சாக்கை விலக்கினார். மஞ்சள் பூசின நுனியை விரலால் தொட்டார்.

"தாரு எங்க?"

நான் சாக்கை இழுத்து மறுபடி மூடப்போனேன்.

"ஏம்புள்ள, தாரு எங்கன்னு கேக்கறேன்."

"மஞ்ச வெக்கறதுக்கு எடுத்தாங்க."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"நாந்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஈர மரத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டிருப்பேன். அவர் குனிந்து என் பென்சில் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் கோட்டில் கையை வைத்தார். அங்கிருந்து வெட்டுவரை அவருடைய நாலு விரல் மரம்தான் மிச்சம்.

"புள்ளைங்க இதும்மேலதான் போயிட்டு வருதா?"

"ரெண்டு ரெண்டு பேரா அனுப்பறேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரெண்டு ரெண்டு பேராக. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் முன்பே விளங்கித்தான் இருந்தது. பயமாக இருந்தது, முதல் கோடு போட்ட நாளிலிருந்தே. இவ்வளவு நாளும் இதில் எழுதியது எல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட மூடி.

"என்ர தப்பும் இருக்குது. மரம் காயலன்னு தெரிஞ்சும் அறுத்துக் குடுத்தேன்" என்றார். "அத அப்பறம் பேசிக்கலாம். இப்பவே கயித்தக் கட்டு."

கட்டினேன். ஆனால் கயிற்றில் தொங்கவிட்ட அட்டையில் 'பெயின்ட் வேலை நடக்கிறது' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

இவர் விடியற்காலையிலேயே பட்டை அடிக்க லேத் பட்டறைக்குப் போய்விட்டார். நாளைக்கு ராத்திரி ஆகிவிடுமாம். "நான் வர்றதுக்குள்ள சொல்லீரோணும்" என்றார்.

பிள்ளைகள் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனார்கள். ஷாலினியின் வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண் புழுதி. சித்தம்மா கடையில் நின்றேன். அவர் திருவிழாவுக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். ஒரு தட்டில் நாலு அப்பம் வைத்துக் கொடுத்தார். தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன்.

காலையிலேயே பாலத்து முனையில் போய் நின்றேன். வீடியோக்காரன் பாறை மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். பம்பை சத்தம் கோயிலிலிருந்து கிளம்பி, கடையைத் தாண்டி வந்துவிட்டது. முன்னால் சித்தம்மா, தலையில் முளைப்பாரி. பின்னால் சப்பரம். அதற்குப் பின்னால் ஊர்.

"பெயின்ட்டு காஞ்சிருச்சுங்களா?" என்றார் சித்தம்மா, கயிற்றைத் தூக்கிக்கொண்டே.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "போகக்கூடாதுங்கா."

"என்னுங்க?"

"பாலம் தாங்காது. நாந்தான் தப்புப் பண்ணீட்டேன். எல்லாரும் போய்க் குதிச்சா உழுந்துரும்."

பம்பைகள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, "என்னாச்சு, என்னாச்சு" என்று முன்னால் தள்ளினார்கள். பூசாரி சத்தம் போட்டார். எவனோ ஒருத்தன் என் கையைத் தட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. உள்ளங்கை தோல் வழன்றுவிட்டது.

"பெயின்ட்டுன்னுதான எழுதியிருக்குது?" என்றார் சித்தம்மா. குரல் இன்னும் அமைதியாகத்தான் இருந்தது.

"பொய்ங்கா."

அவர் முளைப்பாரியை இறக்கிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். அக்கரைக் குதிகாலுக்கு நேராகப் போய் நின்றார். நான் அங்கே போய்ப் போய் வந்ததை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சாக்கை இழுத்துக் கீழே போட்டார். தேதிகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். மேலே ஊரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"மார்ச் பதினேழு." நிறுத்தினார். "அன்னிக்கு எம்புள்ள இதும்மேல போனா."

"மார்ச் பத்தொம்பது. அன்னிக்கும் போனா."

ஒவ்வொரு தேதிக்கும் அதையே சொன்னார். கடைசித் தேதி முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருக்காவாச்சும் எங்கிட்டச் சொல்லலாமுங்கல்ல? நான் இறக்கி ஏத்திக் கூட்டிட்டுப் போயிருப்பேன். இருவது வருசமா அதத்தான செஞ்சோம்?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மனைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். கும்மி அக்கரையில் பள்ளிக்கூட வாசலில் நடந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இக்கரையிலேயே நின்றேன். வீடியோக்காரன் என்னைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 8, புதன்

இரும்புப் பட்டைகள் வந்துவிட்டன. சாய்காலின் முதுகைச் சுற்றிவந்து உத்தரத்தின் நல்ல மரத்தில் போல்ட்டால் பிடிக்கிற மாதிரி அடித்திருக்கிறார். நாலு குதிகாலுக்கும் நாலு.

முதலில் பள்ளத்திலிருந்து முட்டுக்கால் கொடுத்து, ஜாக்கி வைத்துப் பாலத்தின் பாரத்தைத் தூக்கினோம். பிறகு திருமூர்த்தி அந்த நுனியை மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மெதுவாகத்தான் தட்டினார், கதவைத் தட்டுவதுபோல. ஒன்றரை அடி மரமும் தனியாகக் கழன்று அவர் கையில் வந்துவிட்டது.

இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அவர் அந்தக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முட்டுக்கால் உதவிக்கு வந்த இரண்டு ஆட்கள் மேலே ஏறிப் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

பிரபாகர் போன். ஏழு பாலமும் இப்போதைக்கு இல்லை. "நீங்க எங்ககிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார். பிரபாகரிடமாவது சண்டை போடலாம் என்று வாய் துறுதுறுத்தது. அவர் சொல்வதும் சரிதான். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மறுபடி பாரச் சோதனை. போன தடவையைவிட ஒன்றரை மடங்கு மணல். சுமக்க ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. இவர் மில் ஆட்களை அழைத்துவந்திருந்தார். நூல், ஸ்கேல், எல்லாம் சரி. நாலு குதிகாலும் அசையவில்லை. இந்தமுறை நுனிகளுக்குத் தார் பூசியது நான்தான்.

பாலம் நன்றாக இருக்கிறது. இதை இன்று மனதறிந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஒருவரும் அதன் மேல் நடக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தாயிற்று. பிள்ளைகள் பாலத்துக்குப் பக்கத்திலேயே பள்ளத்தில் இறங்கி அக்கரையில் ஏறுகிறார்கள். ஆடுகூடப் போகவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். ஆடு போகிறது.

கடையில் டீ கேட்டால் சித்தம்மா தருகிறார். பேச்சு இல்லை. கிண்டல் இல்லை. அவர் கிண்டல் செய்யாதது எவ்வளவு பெரிய தண்டனை என்று முன்பு தெரியாது.

இவர் ஊருக்கு வா என்கிறார். வேலை முடிந்துவிட்டது, சம்பளம் முடிந்துவிட்டது, இங்கே எதற்கு? முதல் ஆள் அதன் மேல் நடக்கும் வரை வரமாட்டேன் என்றேன். "நடக்கலன்னா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மதியத்திலிருந்து கோடை மழை. மலை மேலேயும் பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் செம்மண் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் வடியும் வரை பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்து, இருட்டும்போது அப்பன்மார் தோளில் வந்தார்கள். தலைக்கு மேலே பாலம் சும்மா கிடந்தது. நான் அதன் முனையில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 22, புதன்

ராத்திரி முழுக்க மழை. விடிந்தபோது பள்ளம் கரை புரண்டு ஓடியது. இறங்குகிற பேச்சே இல்லை. இன்று முழுப்பரீட்சை.

சித்தம்மா என் அறைக்கே வந்துவிட்டார், முதல் தடவையாக. பின்னால் ஷாலினி, பரீட்சை அட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இன்னும் நாலைந்து தாய்மார்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"வாங்க" என்றார். அவ்வளவுதான். பாலத்தடிக்குப் போனோம். இக்கரையில் கரையோரமாக நின்றால் இரண்டு குதிகாலும் தெரியும், அக்கரை இரண்டையும் எட்டிப் பார்க்கலாம்.

"அக்கா, இப்பத் தாங்கும். பட்டை போட்டு ஒண்ணரை மடங்கு..."

"தாங்கும்னு நீங்க சொல்ல வேண்டாமுங்க." என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "வெடிப்பு எங்கெங்க இருக்குதுன்னு காட்டுங்க. போறதா வேண்டாமான்னு நாங்க பாத்துக்கறோம்."

காட்டினேன். மேலிருந்து கீழாக ஓடும் பழைய வெடிப்புகள், அவற்றால் ஏன் ஆபத்தில்லை என்பது. இரும்புப் பட்டை எதைப் பிடித்திருக்கிறது, படுத்த வாக்கில் வெடிப்பு வந்தால் எந்த இடத்தில் பயப்படவேண்டும் என்பது. அவர் குறுக்கே கேட்டார். புரியாததை மறுபடி சொல்லச் சொன்னார். அக்கரைக் குதிகாலில் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குப் புது வெடிப்பு ஒன்று. போன சனிக்கிழமைதான் பார்த்தேன். பட்டை இருப்பதால் அது ஒன்றும் செய்யாது. நான் சொல்லாவிட்டால் இங்கிருந்து அவருக்குத் தெரியவும் தெரியாது.

"அங்க ஒண்ணு இருக்குதுங்கா. புதுசு."

சித்தம்மா கையை நெற்றியில் வைத்து அந்தப் பக்கம் பார்த்தார். மழை என் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு மேலே ஏறிப்போனார். ஷாலினியை மற்றவர்களோடு இக்கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் தனியாக அக்கரை வரை நடந்தார். நடுவில் நின்று, அழுத்தி நாலு குதி குதித்தார். அக்கரையில் குனிந்து அந்த வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பாலத்தில் கால் வைத்தார்.